மொட்டை மாடியில் ஒரு கிரீன்லாந்து

கிழக்கேகோட்டையில் கல்யாணராமனைக் கண்டால் கொசுவே வேறு தெருவுக்குக் குடிபோய்விடும் என்பார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்தவரிடம் குடியிருப்போர் சங்கம் டெங்கு ஒழிப்பை ஒப்படைத்தது. மனிதர் அதைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். ஞாயிறு விடிந்தால் வீடு வீடாக ஏறி இறங்குவார். பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, எதில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. எதிர்வீட்டு நாய்க்கு வைத்த தண்ணீரும் தப்பியதில்லை.

ஒரே மகள் சுப்ரியா பனிப்படலங்களை ஆராய்கிறவள். கிரீன்லாந்தில் மூன்று வருட வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த ஞாயிறு மதியம் இணையத்தில் நேர்காணல். அவருக்கு அவள் போவதில் துளியும் இஷ்டமில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். "அங்கே ஜலதோஷம் பிடிக்கும்டீ" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்தே தள்ளிவிட்டாள்.

நேர்காணலில் செய்து காட்ட, சாலைக் கடைத்தெருவில் பொடி ஐஸ் வாங்கி, இரண்டு பெட்டிகளில் இறுக்கி உறையவைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்திருந்தாள். அது மீனுக்குப் போடுகிற ஐஸ் என்பதை அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

"இந்தப் பெட்டில ஓரத்தை வெட்டியிருக்கேன், ஜலம் வழிஞ்சுடும். ஐஸ் வெள்ளையா இருந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். அந்தப் பெட்டில வெட்டலை, ஜலம் மேலேயே நிக்கும். கறுத்துப்போய் வெயிலைக் குடிச்சு இன்னும் உருகும். உருகினா இன்னும் ஜலம். கிரீன்லாந்துல நடக்கறது இதாக்கும். காக்கா வராமப் பாத்துக்கோங்கோப்பா, உடுப்பு மாத்திண்டு வரேன்."

காக்கா வரவில்லை. ஆனால் கல்யாணராமன் இருந்தார். எதிரே தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தைப் பார்த்தார். கை கேட்கவில்லை. பெட்டியைச் சாய்த்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டுத்தான் அவருக்கு மூச்சே வந்தது.

சுப்ரியா அவசரமாக வந்து கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "இதோ பாருங்கள், கறுத்த குளம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். குளத்தைக் காணோம். இரண்டு பெட்டியும் ஒரே வெள்ளை. ஐஸிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும் கருவியும் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. திரையில் மூன்று முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பெண் வீட்டோடு இருப்பாள். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அவள் உதட்டைக் கடித்து அழுகையை விழுங்குவதைப் பார்த்துவிட்டார்.

"எக்ஸ்கியூஸ் மீ சார்!" வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு காமிராவுக்குள் நுழைந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொசு, டெங்கு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் விளக்கினார். "நானாக்கும் கொட்டினது. கொழந்தைமேல தப்பில்லை."

திரையில் இருந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கிரீன்லாந்துப் பக்கம் மட்டும் இவரை விட்டுவிடாதே. சரி, தண்ணீரை மறுபடி ஊற்றிக் காட்டு."

சுப்ரியாவின் ஒரு கையில் கைபேசி, இன்னொன்றில் கருவி.

"ஊத்துங்கோப்பா."

கல்யாணராமன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெட்டியில் சாய்த்தார். ஐஸ் கறுத்தது, எண் இறங்கியது, மகளின் முகம் மலர்ந்தது.

"போறுமாடீ?"

"இன்னும் கொஞ்சம்."

ஊற்றினார்.