வின்னியின் ஊதா மிதவை

1

இந்தக் கதை ஒரு கைநகத்தில் பிறந்தது, கண்ணுகளா. அமெரிக்காவில் மேய்ன் கரைக்கு அப்பால் எங்கள் தீவு; அதன் பள்ளியில் பட்டமளிப்பு. வின்னி எல்லாப் பரிசையும் வாரிக்கொண்டு மேடையில் நிற்கிறாள். பார்வை மட்டும் பரிசில் இல்லை. கீழே உட்கார்ந்திருந்த ஏமஸின் நகங்களில். அவளோடு பிறந்த இரட்டை அவன். அப்பா எல்டனின் மிதவைகளுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்துவிட்டு, கைகூடக் கழுவாமல் வந்திருந்தான்.

சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் கடலடியில் கூண்டை இறக்கி, அதன் கயிற்றின் மேல்நுனியில் மிதவை கட்டுவார்கள். அவர்களுக்கு அந்த மிதவையின் வண்ணம்தான் பெயர், முகவரி, சொத்து எல்லாம். அப்பாவுக்குப் பிறகு படகோடு சேர்ந்து அது ஒரு பிள்ளைக்குத்தான் போகும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வின்னிக்குப் படிப்பென்றால் உயிர், அதனால்—’

(அடித்துவிட்டேன். பொய். அவளுக்குப் படகென்றால்தான் உயிர். கெட்டிக்காரப் பிள்ளைக்கே அப்பா படகைத் தருவார் என்று நம்பி முட்டி மோதிப் படித்தாள். ஒவ்வொரு முதலிடமும் அவளைத் தீவைவிட்டு ஒரு முழம் வெளியே தள்ளியது.)

“உனக்கு எதுக்கும்மா இந்த மீன் நாத்தம்? மூளை இருக்கிறவ போயிரணும்,” என்றார் எல்டன்.

“அப்ப நான் மக்கா இருந்திருந்தா படகு எனக்கா?”

“வாயைப் பாரு! அவனுக்கு வேற என்ன வரும், சொல்லு.”

ஏமஸ் பக்கத்திலேயேதான் நின்றிருந்தான்.

3

ஏமஸை வில்லனாக்கத்தான் நினைத்தேன். மாட்டேன் என்கிறான்.

“உனக்கு ஒரு மார்க் குறைஞ்சா வீடே கேள்வி கேக்குது. நான் கணக்குல ஃபெயிலானப்ப அப்பா ‘பரவால்ல விடு’ன்னுட்டாருடி. ஒருத்தராவது திட்டினாங்களா?”

“திட்டுதானே வேணும்? எல்லாத்தையும் நீயே வச்சுக்கோடா. படகைக் குடு.”

“தர மாட்டேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு.”

(இங்கே ஒரு கட்டுரை எழுதப் பார்த்தேன்: ‘பெண்கள் படிப்பில் முந்துவதால் சமூகத்தில்—’ எனக்கே தூக்கம் வந்துவிட்டது. அதற்குப் பதில் சனிக்கிழமை நடனத்துக்கு வந்து பாருங்கள். படித்த பெண்களெல்லாம் போயாயிற்று. பையன்கள் சுவரில் சாய்ந்து, ஒருவன் காலணியை ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போன பெண்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து அந்தப் பையன்களுடைய படகுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.)

4

கல்லூரிக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் வின்னி ஒரு மிதவைக்கு ஊதா வண்ணம் அடித்தாள். யாரையும் கேட்காமல், அப்பா கூண்டு போடுகிற இடத்தில் தன் கூண்டு ஒன்றை இறக்கினாள். அப்படி இறக்கினால் இங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை. மிதவைக் காம்பில் ஒரு முடிச்சு விழும், அது எச்சரிக்கை. அடுத்தது கத்தி, கூண்டுக் கயிறே அறுபடும்.

கப்பல் நாள் காலையில் சிறு தோணியில் துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்தாள். முடிச்சு விழுந்திருந்தது. இடக்கையால் போட்டது. தீவில் இடக்கைக்காரன் ஏமஸ் ஒருவன்தான்.

(முடிவு ஒன்று: அவள் அழுகிறாள். வேண்டாம். முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு— சீ, அதுவும் வேண்டாம்.)

அவளுக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு அழகான முடிச்சு! இவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மாலைகளில் அப்பா அவனுக்கு இதையல்லவா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்!

கப்பல் சங்கு ஊதிவிட்டது. விரல்கள் முடிச்சின் மேல் இருக்கின்றன. அவிழ்த்தால், எச்சரிக்கையை மீறி இங்கேயே தங்குகிறாள் என்று அர்த்தம். இதை அவிழ்க்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எனக்கும் தெரியாது, கண்ணுகளா. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். இல்லை, அவளைக் கப்பலுக்கு அனுப்பத்தான் வேண்டுமென்றால், அதையும் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.