பெட்டியோடு வந்தது

என் கணவர் செய்த வீடியோ கேமில் சண்டை கிடையாது. வெள்ளம் ஏறிக்கொண்டே வரும் ஓர் ஊரில், மக்கள் கரைசேரப் பாலம் கட்டிக்கொண்டே போகவேண்டும். அது கடைகளுக்கு வந்த சில வாரங்களில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விற்பனை சுமார்தான். உரிமை என் பேருக்கு வந்தது.

அடுத்த வருடம், கேம் ஆடும் கருவியான கன்சோலைச் செய்யும் கம்பெனியின் மேலாளர் என்னைத் தேடி வந்தார். புதுக் கன்சோல் ஒவ்வொன்றின் பெட்டிக்குள்ளும் இந்த கேமையும் சேர்த்து வைத்துத் தருவார்களாம். என் கணவர் வரைந்த ஊருக்குள் லட்சம் பேர் நுழைவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

விற்பனை தொடங்கிய அன்று, வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

எங்கள் கண்ணெதிரே ஒருவர் கன்சோலை வாங்கி, கவுண்டரிலேயே பெட்டியைக் கிழித்தார். கேம் டிஸ்க்கை எடுத்து, மேலுறைகூடப் பிரிக்காமல் நீட்டினார்.

“இத வச்சுக்கிட்டு கார் ரேஸ் குடுங்க.”

கடைக்காரர் அதைப் பிளாஸ்டிக் கூடையில் விட்டெறிந்தார். கூடை ஏற்கெனவே நிறைந்திருந்தது. எல்லாம் என் கணவரின் கேம்.

“என்னங்க, குப்பை மாதிரி வீசறீங்க?” கொழுந்தன் எகிறினான்.

“நான் என்ன தம்பி பண்ண? தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. இவங்க மாட்டையே பாக்க மாட்டேங்கறாங்க.”

“தனியா விக்கறது?”

“அதுக்கும் உலை வச்சாச்சு. பெட்டியோட சும்மா வர்றத எவன் காசு குடுத்து வாங்குவான்?”

நான் கவுண்டரை நெருங்கினேன். “முன்னாடி யாராச்சும் வாங்கினாங்களா?”

“மாசத்துக்கு ரெண்டு மூணு பேரும்மா. ஆனா ஒண்ணு, அப்படி வித்த டிஸ்க்ல ஒண்ணுகூட இங்க திரும்பி வரல. பழசுக்குப் போட யாருக்கும் மனசு வரல போல.”

வாசலுக்கு வந்ததும் மேலாளர் போனில் கூப்பிட்டார். குரல் துள்ளியது.

“அம்மா, விற்பனைப் பட்டியல்ல நாமதான் முதல்! அடுத்த வருஷமும் இப்படியே போட்டுடலாமா?”

“வேண்டாங்க. இனிமே கடையில தனியா மட்டும் வைங்க.”

“அண்ணி!” கொழுந்தன் வாயைப் பிளந்தான். “கைக்கு வந்தத கால்ல தள்றீங்களே!”

“புரிஞ்சுதான் பேசறீங்களாம்மா?” என்றார் மேலாளர். “இவ்வளவு பேர்கிட்ட ஓசியில போனதுக்கப்புறம் தனியா வச்சா ஈ காக்கா வராது.”

“திருப்பிக் குடுக்காத ரெண்டு பேர் வந்தாப் போதுங்க” என்றேன்.