மாமனார் பிசைந்த மாவு

டிசம்பர் பிறந்த பிறகும் கடலூர் செம்மண்டலத்தில் ஆரோக்கியராஜ் வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் ஏறவில்லை. தெருவில் மற்ற கிறிஸ்தவ வீடுகளில் ஏறிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்ததில் அவை நனைந்தபடியே எரிந்துகொண்டிருந்தன. ஆரோக்கியராஜும் மனைவி ரேகாவும் தங்கள் ஸ்டாரைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை.

பங்குனியில் ரேகாவின் அம்மா தைலம்மாள் சிதம்பரத்தில் இறந்துபோயிருந்தார்.

தைலம்மாள் இந்து. மகள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்ட முதல் வருடம், சம்பந்தி வீட்டில் கிறிஸ்மஸுக்குக் கலகலா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மைதாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்னதாக உருட்டி, முள்கரண்டியின் முதுகில் தேய்த்து எடுத்து எண்ணெயில் போடவேண்டும். ஒரே பார்வைதான். அடுத்த வருடத்திலிருந்து கலகலா என்பதே சிதம்பரத்தில் கண்டுபிடித்த பலகாரம் என்கிற மாதிரி நடந்துகொண்டார். டிசம்பர் ஆரம்பித்ததும் புருஷனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, மகளை அடுப்படியிலிருந்து வெளியே துரத்திவிட்டு, டப்பா டப்பாவாகப் பொரித்து அடுக்குவார்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரேகா அப்பாவுக்கு போன் செய்தாள். அவர் பெயர் தில்லைநாதன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாப் பெயரைக் கூவிக் கூவிப் பழகிய குரல் போனில் கூட இறங்காது.

“கார்த்திகைக்கு வர்றோம்ப்பா.”

“வந்து இன்னா பண்ணப் போறீங்க? துக்க வருசம், வௌக்கு கெடையாது. மழைல புள்ளயத் தூக்கிக்கினு அலையாதீங்க.”

ரேகா போனை மகள் அமலியிடம் கொடுத்துவிட்டு, மாடியில் நனையும் துணியை எடுக்க ஓடினாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அமலி தாத்தாவிடம் என்ன பேசினாள் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. ஆரோக்கியராஜ் மஞ்சக்குப்பத்தில் வைத்திருக்கும் செல்போன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கேட்டைத் திறந்துகொண்டு தில்லைநாதன் வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் கனமான பை.

“யாரு சொன்னா நான் அழுவேன்னு?” வாசலிலேயே கேட்டார்.

ஆரோக்கியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. “வாங்க மாமா. மொதல்ல தலையத் தொடைங்க.”

“தல கெடக்குது மாப்ள. நீங்க ஸ்டார் போட்டா நான் அழுவேனாம். அதனால இந்த ஊட்ல கிறிஸ்மஸே கெடையாதாம். புள்ள போன்ல சொல்லுது.”

ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அப்படி அவன் ரேகாவிடம் சொன்னது உண்மைதான். அமலி தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சொன்னது.

“ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் மாமா…”

“துக்கம் எங்க ஊட்டுக்கு. பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, ஒங்களுக்கு இன்னா? அவ இருந்து இதக் கேட்டிருந்தா ஒங்கள சும்மா வுட்ருப்பாளா?”

பையை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தார். மைதா, சர்க்கரை, இரண்டு தேங்காய்.

“கடலூர்ல மைதா கெடைக்காதாப்பா?” என்றாள் ரேகா.

“கெடைக்கும். நீ வாங்க மாட்ட.”

தேங்காய்ப்பால் எடுக்கும் வரைக்கும்தான் மகளை விட்டார். பிசைவதற்குத் தானே உட்கார்ந்துவிட்டார்.

“நவுரு. நான் பாத்துருக்கேன்.”

“நீங்க எங்கப்பா பாத்தீங்க? ஹால்ல டிவிதான பாத்துக்கினு இருப்பீங்க.”

“டிவி பாத்துக்கினேதான் இதயும் பாத்தேன்.”

பாலை மொத்தமாகக் கவிழ்த்தார். மாவு தோசை மாவாகிவிட்டது. இரண்டு கையும் மாவில் ஒட்டிக்கொண்டு, மூக்கு அரித்தால் சொறிய முடியாமல் அமலியைக் கூப்பிட்டார். அவள் சொறிந்துவிட்டுச் சிரித்தாள். இருந்த மைதாவையெல்லாம் கொட்டியும் இறுகவில்லை. கடைக்குக் கிளம்பிய ஆரோக்கியராஜ் மழையில் மளிகைக் கடைக்கு ஓடி இன்னும் மைதா வாங்கி வந்தான். அப்புறம் கடைக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு அவனும் உருட்ட உட்கார்ந்தான்.

முதல் ஈடு பொரிந்து வந்தது. தில்லைநாதன் ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டார். கடிபடவில்லை. கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

“அப்பா கரெக்டாதான் சொன்னாரு. தாத்தா அழுவுறாங்க” என்றாள் அமலி.

தில்லைநாதனுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ரேகா அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஊட்ல சத்தமே இல்ல ரேகா,” என்றார். “துண்ட கட்டில்ல போட்டா திட்டுவா. இப்ப போட்டுப் பாக்குறேன். அங்கயே கெடக்குது. திட்ட ஆளு இல்ல.”

ரேகா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. ஒருவரை ஒருவர் அழவைத்துவிடக் கூடாது என்று இத்தனை மாதமும் மழையையும் மாத்திரையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ரேகா மாவை வாங்கி, வெண்ணெய் சேர்த்துத் திரும்பப் பிசைந்தாள். மத்தியானத்துக்குள் இரண்டு டப்பா நிறைந்தது. சாயங்காலம் மழை விட்டதும் ஆரோக்கியராஜ் பரணிலிருந்து ஸ்டாரை எடுத்துக் கட்டினான். மாமனார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் சோத்தாங்கைப் பக்கம் மாப்ள, இன்னும், ஓல்டான்!” என்று பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி தெருவுக்கே கேட்கக் கூவினார்.

மறுநாள் கார்த்திகை. அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் எல்லோருமே சிதம்பரம் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் போய் இறங்கினார்கள். தெரு முழுக்கப் படிகளில் அகல் வரிசை. தில்லைநாதன் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பூட்டைத் திறந்தார்.

சாமி அலமாரியில் குத்துவிளக்கு எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்து தூசி படிந்து நின்றது. அதை முதலில் கவனித்தவன் ஆரோக்கியராஜ்தான்.

“மாமா, கார்த்திகைக்கு ஏத்த வேணாம், சரி. தெனம் ஏத்துற வௌக்குமா ஏத்தக் கூடாது?”

தில்லைநாதன் தயங்கினார். “ஏத்தலாம். அது அவ வேலயாச்சே மாப்ள. எனக்குத் திரி கூடப் போடத் தெரியாது.”

ரேகாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை தடவை வந்தும் பகலில் வந்து பகலிலேயே திரும்பியதில் இது அவள் கண்ணில் படவில்லை. விளக்கை எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். பஞ்சைத் திரித்து எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியை அப்பா கையில் கொடுத்தாள். இரண்டு குச்சி நமுத்துப்போயிருந்தது. மூன்றாவதில் பற்றியது.

ஒரே ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் கூடத்துக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்த பொரி உருண்டையை அமலி உடைத்துப் பாதியைத் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் வாயில் போட்டு மென்றபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, கிறிஸ்மஸ் பூச ராத்திரிலதான?”

“ஆமா மாமா.”

“ரொம்ப நேரம் நிக்கணுமா? எனக்கு முட்டி வலிக்கும்.”

“கொஞ்சம் முன்னாடி போனா பெஞ்சுல எடம் கெடைக்கும் மாமா.”

“அப்ப முன்னாடியே போயிடுவோம்” என்றார் தில்லைநாதன்.