ரோஸ்காமன்காரி

முப்பது வருடம் போலீஸ் வேலை பார்த்தவன் நான். ஆடு திருடியவன், டிராக்டர் திருடியவன், பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடியவன் என்று லீட்ரிம் மாவட்டத்தில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரே ஒரு பொம்பளை மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்துவிட்டாள். அவள் உயிரோடுகூட இல்லை. என் தாத்தாவின் இன்னொரு மனைவி.

தாத்தா கார்னீலியஸ் டாங்னி, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பழைய போலீஸில் கான்ஸ்டபிள். கெர்ரி மாவட்டத்துக்காரர், வேலை இங்கே லீட்ரிமில், கேரிக் ஊரில். 1922இல் ஆங்கிலேயர் போய் அந்தப் போலீஸையே கலைத்தபோது, அவர்களுக்கு உழைத்தவன் மூன்று நாளில் கிளம்பாவிட்டால் சுட்டுவிடுவோம் என்று கதவிடுக்கில் சீட்டு வந்தது. இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அவர் மனைவி வினிஃப்ரெட், படுக்கையில் கிடந்த தன் தாயை விட முடியாமல், மூன்று வயதுக் குழந்தையோடு இங்கேயே தங்கிவிட்டாள். அந்தக் குழந்தைதான் என் அம்மா ஈவ்லின்.

1936இல் வினிஃப்ரெட் இறந்துபோனாள். தகவல் சொல்ல அப்பாவின் விலாசம் கேட்டு அம்மா லண்டனில் இருந்த போலீஸ் பென்ஷன் ஆபீசுக்கு எழுதினாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. மூன்று வரியில் பதில் வந்தது. கான்ஸ்டபிள் டாங்னியின் மனைவி ரோஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தவர் என்று பதிவேட்டில் இருக்கிறது. லீட்ரிமில் பிறந்த உங்கள் தாயார் அவராக இருக்க முடியாது. விலாசம் தர இயலாது. அவ்வளவுதான். அதை அம்மா அறுபத்து மூன்று வருடமாக பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

இந்த வருடம் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"அந்த ரோஸ்காமன்காரி பேரு எனக்குத் தெரியணும். கண்டுபிடிச்சுக் குடுடா மாலக்கி."

"எதுக்கும்மா இப்போ? எல்லாரும் செத்துப் போயாச்சு."

"முப்பது வருஷம் தொப்பி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியே. ஒரு பொம்பள பேரக் கண்டுபிடிக்கத் துப்பில்லியா உனக்கு?"

துப்பு இருந்தது, பேர்தான் கிடைக்கவில்லை. மாவட்ட நூலகத்தில் அசம்ப்டா என்று ஒரு பெண்மணி. பழைய காகிதமெல்லாம் அவள் கையில்தான். போலீஸ் பதிவேட்டின் படச்சுருளை மெஷினில் மாட்டிக்கொடுத்தாள். தாத்தாவின் உயரம் இருக்கிறது, மதம் இருக்கிறது, கல்யாணம் ஆன வருடம் இருக்கிறது, 1917. மனைவி என்ற இடத்தில் வெறும் 'ரோஸ்காமன்'.

"பேரு எங்க?"

"பொண்டாட்டி பேரு அவங்களுக்கு எதுக்கு? மாவட்டம் மட்டும்தான் போடுவாங்க," என்றாள் அசம்ப்டா.

அதற்கு முன்பே ஒரு குடும்பம் இருந்ததோ என்று 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். போலீஸ் குடியிருப்பில் யாருக்கும் பேரே இல்லை. தாத்தாவும் வெறும் 'சி. டி., 26, கெர்ரி'.

"இது என்ன கூத்து? ஆளுக்கு ரெண்டு எழுத்துதானா?"

"போலீஸ் புத்தி உங்களுக்குத் தெரியாததா சார்ஜன்ட்? நீங்களே எனக்கு விளக்கம் சொல்லுங்க."

சுருளைச் சுற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து ரோஸ்காமன் மாவட்டத்துக் கல்யாணப் பதிவுகள். 1917ஆம் வருடத்தை ஒவ்வொன்றாக ஓட்டி, மூன்றாவது வாரம் ஆளைப் பிடித்துவிட்டேன். மாப்பிள்ளை கார்னீலியஸ் டாங்னி, கான்ஸ்டபிள், கேரிக். பெண், ரோஸ்காமன் மாவட்டம், எங்கள் ஊர் ஷானன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். பெயர் வினிஃப்ரெட் பெர்ன்.

அம்மாவைப் பெற்றவள் பெயரும் வினிஃப்ரெட் பெர்ன்தான். மனுஷன் ஒரே பெயரில் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டாரா? பெயர் மாற்றிக் கூப்பிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படியொரு முன்யோசனையா? பெண்ணின் தகப்பன் பெயரைப் பார்த்தேன். ஓவன் பெர்ன், விவசாயி. அம்மாவின் தாத்தா பெயரும் அதே ஓவன் பெர்ன். வீட்டில் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்து வட்டம் போட்டேன், கோடு போட்டேன். இரண்டு வினிஃப்ரெட், இரண்டு ஓவன். என் மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தை அசம்ப்டாவிடம் நீட்டினேன். அவள் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சார்ஜன்ட், உங்க காலத்துல சொந்த ஊர்ல வேல போடுவாங்களா?"

"மாட்டாங்க. மாமன் மச்சானக் கைது பண்ண மாட்டான்னு."

"அந்தக் காலத்துல பொண்டாட்டி மாவட்டத்துலயும் போட மாட்டாங்க. லீட்ரிம் பொண்ணக் கட்டினா லீட்ரிம்ல இருக்க முடியாது. கார்க்கோ டோனிகாலோ, தூக்கிப் போட்டுருவாங்க. இவ அம்மா படுத்த படுக்கைன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்ன? பாலத்தத் தாண்டி யாராவது சொந்தக்காரங்க வீட்ல ஒரு மாசம் உக்காந்திருப்பா. அங்கேருந்தே கல்யாணம். இவரும் மேலதிகாரிகிட்ட ரோஸ்காமன் பொண்ணுன்னு எழுதிக் குடுத்திருப்பாரு. ஒரே பொம்பளதான் சார்ஜன்ட். ரெண்டு பேரு இல்ல."

இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். வினிஃப்ரெட்டின் சித்தப்பா வீடு அந்தப் பக்கத்தில் இருந்தது எனக்கே தெரியும். அசம்ப்டா இன்னொரு தாளையும் தந்தாள். தாத்தாவின் இறப்புப் பதிவு. மனுஷன் திரும்பி வந்திருக்கிறார். இங்கே பக்கத்திலேயே செத்திருக்கிறார். அம்மா சந்தோஷப்படுவாள், கையோடு கல்லறைக்கே கூட்டிப் போகலாம் என்று விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டாம் மனைவி என்று யாரும் கிடையாது, அவர் உன் அம்மாவைத்தான் கட்டினார், முறைப்படி, சர்ச்சில், நீ தலை நிமிர்ந்து இரு என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். சந்தோஷத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேம்மா. இதோ நகல்."

"இன்னொருத்தி இருப்பா. நல்லாத் தேடு."

"இல்லவே இல்லங்கறேன்."

"தேடுடா நாயே," என்று கத்தினாள். எண்பது வயதில் அப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்ததோ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கும் கோபம் வந்தது.

"உனக்கு அந்தாளு யோக்கியனா இருக்கக் கூடாதா? அயோக்கியனாத்தான் இருக்கணுமா?"

"ஆமா," என்றாள் அம்மா. "இருக்கணும்."

கோப்பையை அப்பால் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"முப்பத்தெட்டுல வந்தாருடா. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு கேட்டுக்கு வெளியவே நின்னாரு. வினிஃப்ரெட் இருக்காளான்னு கேட்டாரு. என் மூக்கப் பாத்தாலே தெரியும், அவரோட மூக்கு. யாருன்னு கேக்கவே வேண்டியதில்ல."

"நீ என்ன சொன்ன?"

"அம்மா செத்துட்டான்னு சொல்லல. உன் பொண்டாட்டி இங்க இல்ல, ரோஸ்காமன்ல இருக்கா, அங்க போய்த் தேடுன்னேன். நாயையும் அவுத்து விட்டேன்."

என் கோட்டுப் பைக்குள் அந்த இறப்புப் பதிவு இருந்தது. நல்லவேளை இன்னும் எடுக்கவில்லை, இப்படியே எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் முப்பது வருடம் ஊரை ஏமாற்றியவர்களையெல்லாம் பிடித்த எனக்கு, அவளிடம் மட்டும் எதையும் மறைக்கத் தெரியாது. என் கை பைக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது?"

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வைத்துப் படித்தாள். கார்னீலியஸ் டாங்னி. ஓய்வு பெற்ற கான்ஸ்டபிள். வயது 66. இறந்த இடம், ரோஸ்காமன் மாவட்டம், பாய்ல் ஊர், வாடகை அறை. அக்டோபர் 1951. தகவல் கொடுத்தவர், வீட்டுக்காரி. மனைவி இறந்தவர் என்று இருக்க வேண்டிய கட்டத்தில் 'மணமானவர்' என்று இருந்தது.

அவருக்கு யாருமே சொல்லவில்லையா, அல்லது தெரிந்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாரா? பழைய போலீஸ்காரனிடம் நின்று பேச அந்தக் காலத்தில் இங்கே ஆள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இங்கிருந்து பாய்ல் ஒன்பது மைல். பதின்மூன்று வருடம் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அம்மா தாளை மடித்தாள். மடித்ததைத் திரும்பப் பிரித்து, தேதியைப் பார்த்தாள்.

"அந்த வருஷம்தான சர்ச்சுல உனக்கு முதல் நன்மை குடுத்தாங்க?"

"ஆமா. மே மாசம்."

"பாய்ல்லதான உனக்கு ஷூ வாங்கினோம்? கடைக்கு வெளிய, வெயிலுக்குப் பெஞ்சுல கிழவங்க உக்காந்திருப்பாங்களே. அதுல உன்ன யாராவது பாத்தாங்களாடா? உத்து யாராவது பாத்தாங்களா?"

எனக்கு அப்போது ஏழு வயது. கருப்பு ஷூ, வெள்ளித் துண்டு போல ஒரு பக்கிள், வலது கால் கட்டைவிரலில் கடித்தது. அதைத் தவிர எதுவும் ஞாபகமில்லை.

"பாத்தாங்கம்மா," என்றேன். "ஒருத்தர் பாத்தாரு."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுகிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.