திரையில் தெரிந்தவை ஆறு

புதன்கிழமை காலைத் தேநீர் வேளையில் பல்கலைக்கழக ஓய்வறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: வேதியியல் துறைத் தலைவி நோரீன் ஹாஸ்லம், ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாரி டாங்கின், பிப்ரவரியில் வேலைக்குச் சேர்ந்த ரோவன் கீஸ். நான்காவது ஆளான எட்வின் ட்ரெவின் காலிக் கோப்பையோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அதே துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் வாரத்தில் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ராத்திரி பனி கொட்டி மலை வெள்ளைச் சட்டை மாட்டிக்கிச்சு பாத்தியா?" என்றான் பாரி. "எனக்குத்தான் இன்னும் துவைச்ச சட்டை இல்ல."

ரோவன் சிரித்துவிட்டுக் கேட்டான். "ஆமா, டி. ட்ரெவின்னு ஒரு பெட்டி மேல எழுதியிருக்கே, அது யாரு? பெரியவருக்குச் சொந்தக்காரங்களா?"

"பொண்ணு. தம்சின். பெர்த்ல ஸ்கூல் டீச்சரா இருக்கா."

"கட்டுரைய வாபஸ் வாங்கினாங்களே, அவங்களா? மருந்து நல்லா ஒட்டணும்னு கம்ப்யூட்டர் கணக்குல தண்ணிய வேணும்னே ஆணி அடிச்சு நிறுத்தினாங்களாமே!"

"மெல்லப் பேசு, ரோவன்," என்றார் நோரீன், கதவைப் பார்த்தபடி.

எட்வின் இரண்டு மாடி ஏறித் தன் அறைக்குப் போனார். அவருடைய தாத்தா குவீன்ஸ்டவுன் சுரங்கத்தில் தாதுவைச் சோதித்துச் செம்பின் அளவைச் சொன்னவர். ட்ரெவின் கையெழுத்திட்ட தாளை இன்னொருவர் சரிபார்த்ததில்லை. மகளின் கட்டுரை திரும்பப் பெறப்பட்ட நாளிலிருந்து, மூன்று வருடமாக, எட்வின் அந்த ஆய்வின் கணினிக் கோப்பைத் திறக்கவில்லை. இன்று 'வேணும்னே' என்ற சொல் உறுத்தியது. எந்தக் குடும்பத்திலும் தவறு நடக்கலாம். மோசடி வேறு. அவள் செய்தது வெறும் தவறு என்று காட்டினால் போதும்.

மென்பொருள் திறந்தது. புரதத்தின் நடுவே ஒரு துத்தநாக அணு, அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள். மற்ற எல்லாவற்றையும், வெளியே மொய்க்கும் தண்ணீர் உள்பட, திரையை அடைக்காதபடி தம்சின் மறைத்து வைத்திருந்தாள். கணக்குப் போடும் முன் அந்த ஆறுக்கு மட்டும் 'அசையாதே' என்று குறியிட வேண்டும். செய்ததையெல்லாம் தேதியோடு குறித்து வைக்கும் பதிவை எட்வின் கீழே உருட்டினார்.

மார்ச் பதினான்கு, பிற்பகல் மூன்று இருபது. ஒற்றை வரிக் கட்டளை: எல்லா ஆக்சிஜனையும் நிறுத்து. மாறிய அணுக்கள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

திரையில் தெரிந்தவை ஆறுதான். மறைத்து வைத்த தண்ணீரின் ஆக்சிஜன்களும் கட்டளைக்கு உள்ளேதான் இருந்தன. விலகிப் போக வேண்டிய தண்ணீர் விலகாமல் நிற்க, மருந்து புரதத்தில் அழகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. துளை அட்டைக் காலத்தில் கணினி படித்தவர்கள்தான் அப்படி அடிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் அப்படி அடிக்கிறவர் ஒருவர்தான்.

அன்று தம்சின் காய்ச்சலில் படுத்திருந்தாள். "ஆறுதாம்ப்பா. ஒண்ணொண்ணாத் தொட்டு மாத்துங்க. டைப் பண்ணாதீங்க," என்று தொலைபேசியில் கெஞ்சினாள். ஒரே வரியில் முடிகிற வேலைக்கு ஆறு முறை தொடுவதா என்று அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

இரண்டு மணி நேரம் பின்னே இருக்கும் பெர்த்தில் மணி எட்டேகால் இருக்கும். அழைத்தார்.

"அப்பாவா? யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. மார்ச் பதினாலு நீ படுக்கையில இருந்தே."

மறுமுனையில் பேருந்துக் கதவு மூடும் ஓசை கேட்டது.

"பாத்துட்டீங்களா," என்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கட்டுரைய வாபஸ் வாங்கறதுக்கு முந்தின நாளு. அந்த எழுத்தைப் பாத்தா தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"என்ன நடந்துச்சுன்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். 'ட்ரெவின் வீட்டுல இப்படி ஒரு காரியமா'ன்னுதானே கேட்டீங்க." "எனக்கு வேற ஊர் இருந்துச்சுப்பா. உங்களுக்கு அந்த ரூமை விட்டா என்ன இருக்கு? சரி, ஸ்கூல் வந்துருச்சு. சாப்பிடுங்க."

தொலைபேசியைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே டெர்வென்ட் ஆற்றில் ஒரு படகு கூட இல்லை. திரையில் துத்தநாகமும் ஆறு ஆக்சிஜன்களும் அப்படியே நின்றன. மறைத்தவற்றையெல்லாம் காட்டு என்று சின்ன எழுத்துகளில், ஒவ்வொரு விசையாகத் தேடி, அடித்தார். திரை முழுக்கத் தண்ணீர் வந்து நிறைந்தது.

அவர் கீழே இறங்கியபோது பாரி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் இன்னும் எழவில்லை. ரோவன் அவரைப் பார்த்ததும் காது சிவந்து எழுந்தான்.

"எட்வின், நான் சும்மா யாரோ சொன்னதை..."

"உட்காரு." எட்வின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நீ சொன்னது தப்பு. தம்சின் தண்ணியை நிறுத்தல. நான் நிறுத்தினேன். மார்ச் பதினாலு, மத்தியானம் மூணு இருபதுக்கு."