வாய் திறக்காத பத்தியம்

வளவனூரில் கிருஷ்ணவேணியோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. ஐம்பத்தெட்டாம் வருஷம், மகன் நடராசனுக்குத் திண்டிவனத்தில் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கனத்த நகை போட்டு இழுத்த தன்னுடைய தொங்கு காதைப் பிடிக்காமல் போயிற்று. பெண்ணைப் பெற்றவள் சின்னக் காதில் கல் தோடு போட்டிருந்தாளாம்.

"அவ தோடு போட்டுக்கினா நீ காதை அறுத்துக்கணுமா?" என்றாள் தங்கை பாஞ்சாலி. "அப்டியே ஆசைன்னா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போக்கா."

"அங்க போனா என்னா வியாதின்னு ஊரே கேக்கும். நீ சும்மா கெட."

திண்டிவனம் சந்தையில் ராயப்பன் கூடாரம் போட்டிருந்தான். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவன், இங்கே டாக்டர். தேடி வந்த கிருஷ்ணவேணியின் தொங்கிய காதைச் சவரக்கத்தியால் அறுத்து, சட்டை தைக்கிற நூலால் தைத்து, சாம்பலை அப்பி அனுப்பினான். பத்தியமும் சொன்னான்: காது ஒட்டுகிறவரை வாயை அசைக்கக் கூடாது, மென்று தின்னக் கூடாது, பேசவும் கூடாது.

வாழ்நாள் முழுக்க யார் சொல்லையும் கேட்காதவள் அவன் சொல்லை மட்டும் விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள். கல்யாண வேலை அத்தனையும் கைஜாடையில் நடந்தது. பாஞ்சாலிக்குப் பாதி ஜாடை புரியவில்லை.

"மஞ்சாவ எங்கதான் வச்ச? ஒரு வார்த்தை சொன்னா காது கழண்டா உழுந்துடும்?"

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கொடுத்த கஞ்சியை அக்கா கையால் தள்ளினாள்.

"கஞ்சியும் கூடாதுன்னானா அந்த மகராசன்?"

அக்கா தலையாட்டப் பார்த்தாள். கழுத்து அசையவில்லை. அதையும் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டு பாஞ்சாலி நெல் அவிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, பொறுமை கெட்டுப்போய், முகவாயைப் பிடித்துத் திறக்கப் பார்த்தாள். தாடை கட்டையாக இருந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுத்து, சிரிப்பதுபோல் நின்றது. கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

நடராசன் தாயைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினான்.

"வாய் பூட்டி எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"தெரியலங்க. பத்தியம்னு நெனச்சிக்கினு இருந்தோம்," என்றாள் பாஞ்சாலி.

அவர் அவளையே பார்த்தார். காதுத் தையலை விலக்கிப் பார்த்து, அழுக்குக் கத்தி பட்ட புண்ணிலிருந்து வருகிற ரணஜன்னி என்றார். அக்காவை இருட்டறையில் போட்டார்கள். கதவு கிறீச்சிட்டால்கூட உடம்பு வில்லாக வளைந்தது. அப்படியே போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு பாஞ்சாலி திண்டிவனம் போனாள். கூடார வாசலில் பெண்கள் முறை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கக்கா இவன் தச்சுதான் செத்துப்போனா. எழுந்து ஊட்டுக்குப் போங்க."

ராயப்பன் எட்டிப் பார்த்தான். "பத்தியம் கெட்டிருக்கும்மா. பேசியிருப்பாங்க."

"ஆமா, பேசாம இருக்க எல்லாராலயும் முடியுமா?" என்றாள் முதலில் இருந்தவள்.

"அவ பேசவே இல்லம்மா."

"நீ கூடவே இருந்து பாத்தியா?"

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.  பாஞ்சாலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடாரத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வழிய உடு. எனக்கு ஜல்தி போவணும்."

"என்ன மிதிச்சிக்கினு போ," என்றாள் பாஞ்சாலி.