செலாசி அக்பேனுவின் வயது

செலாசி அக்பேனு தன் தந்தையின் வயதை எட்டிய செவ்வாய்க்கிழமை, அவள் பிறந்து பதினொரு ஆண்டும் மூன்று வாரமும் ஆகியிருந்தன. தந்தை கோம்லாவுக்கு முப்பத்து நான்கு. டாட்டன்ஹாமில் எங்கள் ஹாதர்ன் அடுக்ககத்தின் ஆறாம் மாடியிலிருந்து இருவரும் அன்று காலை ஒரே லிஃப்டில் இறங்கினார்கள். நான்காம் மாடியில் ஏறிய தபால்காரர் அவர்களைக் கணவன் மனைவி என்று எண்ணி வணக்கம் சொன்னார். கோம்லா பஸ் ஓட்டப் போனார். செலாசி ஆறாம் வகுப்புக்குப் போய், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து பின்னங்களைக் கூட்டினாள். பத்தரை மணிக்கு அவள் பாரம் தாங்காமல் நாற்காலியின் கால் ஒடிந்தது. ஆசிரியர் அதைப் பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்துதல் என்று பதிவு செய்தார்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. இரண்டு வருடம் முன்பு, அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவள் தாய் என்யோனாம் இறந்தாள். கானாவின் வோல்ட்டா பக்கத்திலிருந்து வந்து வடக்கு லண்டனில் குடியிருந்த எல்லோரும், கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தி, வாடகை மண்டபத்தில் கூடினார்கள். பெண்கள் மட்டும் நூற்று எண்பது பேர். ஒவ்வொருத்தியும் வரிசையில் வந்து, குனிந்து, பிள்ளையின் கையைப் பிடித்து ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொன்னாள்: “அழாதடி. இனிமே வீட்டுக்குப் பெரியவ நீதான். அப்பாவப் பாத்துக்க.” அதில் தீங்கு நினைத்தவர் யாருமில்லை. காலையில் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்த கறுப்புக் கவுன் மாலையில் முழங்காலுக்கு ஏறியிருந்தது. திடமான பிள்ளை என்று பேசிக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். துக்கத்தில் பிள்ளைகள் வளர்வதுண்டு என்று கோம்லாவும் விட்டுவிட்டார்.

அவள் எதனால் வளர்கிறாள் என்பதை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்தார். பத்து வயதில் அவள் அவருடைய சீருடைக்கு இஸ்திரி போட்டு, மக்காச்சோளக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “உங்கம்மாகூட இவ்வளவு நேர்த்தியா செஞ்சதில்ல” என்றார். நிமிர்ந்தபோது அவள் உச்சந்தலை அவர் மார்பிலிருந்து தோளுக்கு வந்திருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாளும் டப்பாவை வாங்கிக்கொண்டுதான் போனார்.

மிச்சத்தைப் பள்ளிக்கூடம் செய்தது. செலாசியும் ஃபீபி என்ற வெள்ளைக்காரப் பிள்ளையும் சேர்ந்து வண்ணக் குழம்பைக் கொட்டினார்கள். ஃபீபி குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவள் தாய்க்குக் கடிதம் போனது. கோம்லாவுக்கு வந்த கடிதத்தில், இந்த வயதில் இது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எந்த வயதில் என்று எழுதவில்லை. அப்படி ஒவ்வொரு வரிக்கும் அவள் மூன்று மாதம் வளர்ந்தாள். ஒரு பருவத்துக்குள் பதினேழு கடிதங்கள் வந்தன. பள்ளிச் செவிலியர் அளவெடுத்து, ஐந்தடி ஏழு அங்குலம் என்று குறித்து, பக்கத்தில் குரலில் பணிவு குறைவு என்றும் சேர்த்தார். அவள் கண்ணோரத்துச் சுருக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை.

அவளைச் சரியாகக் கவனித்த முதல் ஆள் டேரன். பள்ளிக்கு எதிரே இருந்த கோழிவறுவல் கடை வாசலில் சாம்பல் நிறக் காரில் சாய்ந்து நின்று, பிள்ளைகளுக்கு வறுவல் வாங்கித் தருபவன் அவன். அவர்கள் கையில் போதைப் பொட்டலம் கொடுத்துக் கடலோர ஊர்களுக்கு ரயிலேற்றி அனுப்புவது அவன் தொழில். கடைக்காரருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். “நீ சின்னப் பொண்ணுன்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியல பாரு, அதான் வசதி” என்று அவன் செலாசியிடம் சொன்னபோது அவள் ஒரு விரற்கடை குறைந்தாள். அவன் புத்திசாலி. அதன்பின் அவளை ‘மேடம்’ என்று மட்டுமே கூப்பிட்டான். கோட்டும் கைப்பையுமாக, தேவாலயத்துக்குப் போகிற பெண்மணி மாதிரி அவளை அனுப்பப் பார்த்தான். அவள் மாட்டேன் என்றாள். அவள் அப்பா ஓட்டும் பஸ்ஸின் எண்ணையும், அது எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் அவன் சொல்லிக்காட்டினான். அவள் போனாள். மூன்றாவது பயணத்தில் திரும்பி வரவில்லை.

கோம்லா போலீஸ் நிலையத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காணாமல் போனவரின் வயதைக் கேட்டார்; பதினொன்று என்றதும் பேனாவை எடுத்தார்; போட்டோவைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

“சார், தமாஷ் பண்ண இது நேரமில்ல. இவங்க உங்க சம்சாரமா, அக்காவா?”

“என் பொண்ணு.”

“நாப்பது வயசுப் பொம்பள சார் இவங்க. கோச்சுக்கிட்டுக் கெளம்பியிருப்பாங்க. அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல.”

கோம்லா பிறப்புச் சான்றிதழைக் காட்டினார். உங்கள் பக்கத்தில் இதெல்லாம் எந்தத் தேதிக்கும் கிடைக்கும் என்று அதிகாரி சொன்னார். அது இதே லண்டனில் கொடுத்த சான்றிதழ். கோம்லா மூன்று நாள் மூன்று முறை போனார். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ‘வளர்ந்த பெண், தானாகச் சென்றவர்’ என்று எழுதினார்கள். எழுதிய நிமிடத்தில் எழுபது மைலுக்கு அப்பால் அவளுக்கு இரண்டு வயது கூடியது.

எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் தேவாலயத்தின் நிலவறையில் கூடிப் பேசினார்கள். வெளியே தெரிந்தால் அரசாங்கம் எல்லோருடைய பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஒருவர் பயந்தார். அப்படி நடந்த வீடுகளை அவர் பார்த்திருந்தார். நம் பேர் கெட்டுவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில், கோம்லா மறுமணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவாயிற்று. தலைவர் அதை அவரிடம் சொன்னபோது கோம்லா, “அவளுக்கு மழைக்கோட்டு இல்லண்ணே” என்றார்.

நான்காம் நாள் ஒரு கடற்கரை ஊரின் ரயில் மேடையில் செலாசியைக் கைப்பையோடு பிடித்தார்கள். குழந்தையை விசாரிக்கும்போது பக்கத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவளே பெரியவளாக இருந்ததால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள். அது என்னவென்று தெரியாததால் வேண்டாம் என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். பஸ் எண்ணை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் காதோரத்தில் ஒரு முடி நரைத்தது. நீதிமன்றத்தில் சான்றிதழை ஒரு பக்கமும் அவளை மறுபக்கமும் பார்த்த நீதிபதி, கண் சொல்வதைக் காகிதம் மாற்ற முடியாது என்றார். உங்கள் வயதில் ஒருவர் இளைஞர்களுக்கு முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னபோது அவளுக்கு ஐம்பத்தொன்று ஆனது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது. நான்கு வருடத் தண்டனை. அதற்குள் முப்பத்தைந்தைத் தொட்டிருந்த கோம்லா பார்வையாளர் வரிசையில் இருந்தார். தன்னைவிடப் பதினாறு வயது மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்கு அழுகை வரவில்லை. பணிமனைக்குப் போய் மாலை ஷிஃப்டை ஓட்டினார்.

பெண்கள் சிறையில் அவளை ஐவரீன் என்ற ஜமைக்காக்காரியின் அறையில் போட்டார்கள். ஐவரீனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் அரசாங்கக் காப்பில், மூன்று ஊர்களில். பத்தொன்பதாம் நாள் காலைச் சாப்பாட்டில், செலாசி கடித்த ரொட்டியில் ஒரு பல் வந்தது. இந்த வயதில் அது சகஜம்தான் என்று காவல் பெண் சொல்லிவிட்டுப் போனாள். ஐவரீன் அந்தப் பல்லைத் தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேர் இல்லை.

“வாயத் தொற. இன்னும் நல்லா. ஆன்னு சொல்லு.”

நரைத்த தலையை அண்ணாந்து செலாசி வாயைத் திறந்தாள். விழுந்த இடத்தில் புதுப் பல்லின் வெள்ளை முனை தெரிந்தது.

“பால் பல்லு,” என்றாள் ஐவரீன். மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பவும் சொன்னாள். “இது பால் பல்லுடி. எந்தக் குருட்டுக் கம்மனாட்டி இந்தப் பச்சப் புள்ளயக் கொண்டாந்து இங்க போட்டது?”

செலாசியின் சட்டைக் கை நீண்டு விரலை மூடியது.

அதற்குப்பின் அந்த வரிசையில் இருந்த முப்பது பெண்களும் வேறு வேலை பார்க்கவில்லை. பெரும்பாலானோருக்கு வெளியே பிள்ளைகள் இருந்தன. கையும் வாயும் சும்மா கிடந்தன. அவளை ஏழு மணிக்குப் படுக்கப் போட்டார்கள். காது பின்னால் அழுக்கு இருக்கிறதென்று திட்டினார்கள். கேரட்டைத் தின்னாமல் எழுந்தால் உட்கார வைத்தார்கள். ஐவரீன் ஞாயிறுதோறும் அவளைக் காலிடுக்கில் உட்காரவைத்து, நரைமுடியை இழுத்து இழுத்துப் பின்னினாள். தலையை ஆட்டினால் சீப்பால் ஒரு தட்டு. ஒரு திட்டுக்கு ஒரு மாதம், ஒரு பின்னலுக்கு ஒரு வருடம் என்று வயது இறங்கியது. பார்க்க வந்த கோம்லாவிடம் ஐவரீன் பக்கத்து மேசையிலிருந்து எட்டிச் சொன்னாள்: “அண்ணே, வளந்துட்ட, எளச்சிட்டன்னு எதுவும் சொல்லித் தொலச்சிராத. மூக்கத் தொடன்னு சொல்லு, போதும்.” அவர் மூக்கைத் துடை என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எட்டாம் வாரம் அவள் பதினொன்றுக்கு வந்தாள். சிறைச் சட்டை நிற்காததால் தலையணை உறையில் கவுன் தைத்துப் போட்டார்கள். அன்று பார்வை நேரம் முடிந்ததும் கோம்லா எழுந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வாசல் காவலர் மறித்தார்.

“யார் சார் கொழந்தைய இப்பிடி அவுத்து விட்டது? இது என்ன பார்க்கா? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.”

கோம்லா மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். குழந்தையை உள்ளே வைத்திருக்க அந்தச் சிறையில் விதி இல்லை. மாலைக் கணக்கெடுப்பில் ஒரு பெண் குறைந்தாள். ஐவரீனைக் கேட்டார்கள். மூட்டுவலிக்காரக் கிழவி எங்கே ஓடியிருப்பாள், சமையலறையில் பாருங்கள் என்றாள். அதற்காக அவளுக்கு இரண்டு மாதம் பிள்ளைகளோடு போன் பேசத் தடை விதித்தார்கள்.

ஐம்பத்தொரு வயதுள்ள, நரைத்த, வலது காலைத் தாங்கி நடக்கும் செலாசி அக்பேனுவைப் போலீஸ் இன்றும் தேடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் ஆறாம் மாடிக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். கதவைத் திறக்கும் சிறுமியிடம், அந்த அம்மாவைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று சொல்லி, போலீஸ் நாய் படம் போட்ட ஒட்டுப்படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டேரன் காரை மாற்றிக்கொண்டான், இப்போது நீலம். எங்கள் கட்டடத்தில் மேலும் நான்கு பெண்பிள்ளைகளுக்குக் கண்ணோரம் சுருக்கம் விழுந்தது. பள்ளி ஒரு குழு அமைத்து, ஆராய்ந்து, பெரியவர்களுக்கான ஆறு உறுதியான நாற்காலிகளை வாங்கியது. கோம்லா காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, மூன்றரை மணிக்குக் கோழிவறுவல் கடை வாசலில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளிடம் கோட்டுப் பொத்தானைப் போடு, ஓடாதே, வீட்டுக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் சிரித்தார்கள். இப்போது சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் அவரோடு நிற்கிறார்கள்.

செலாசி அதற்குப்பின் வளரவில்லை. அடுத்த வருடமும் பதினொன்று, அதற்கடுத்த வருடமும் பதினொன்று. மருத்துவர் அவள் மணிக்கட்டைப் படமெடுத்துப் பார்த்தார். இந்த எலும்பு நாற்பது வருடத்தை ஏற்கெனவே வாழ்ந்து முடித்துவிட்டது, அந்த நாற்பதும் கழிந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கும் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளுக்குப் பன்னிரண்டு பிறக்கும்போது கோம்லாவுக்கு எழுபத்தைந்து நடக்கும். அவர் தந்தை ஐம்பத்தெட்டில் போனவர். என்யோனாம் முப்பத்தொன்றில். அவர் உப்பைக் குறைத்தார், தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார், லிஃப்டில் ஏறுவதை விட்டார். சாகாமல் இருப்பதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு அதற்கு நேரத்துக்குப் போய்வந்தார்.

இப்போது அவருக்கு நாற்பத்தாறு. அவளோடு படித்த ஃபீபி கைக்குழந்தையோடு தெருவில் போகிறாள். செலாசி பன்னிரண்டாவது முறையாக ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டுகிறாள். எல்லாமே சரியாக வருகிறது. மாலையில் இருவரும் ஆறு மாடியையும் படியேறுகிறார்கள். நான்காம் மாடியில் அவருக்கு மூச்சு வாங்கும். அவள் படியில் நின்று, திரும்பி, அவர் முகத்தை உற்றுப் பார்ப்பாள். நெற்றியில் ஒரு கோடு விழப் பார்க்கும்.

“என்ன வேடிக்க? முன்னால பாத்து நட,” என்பார் அவர்.

கோடு மறையும். அவள் முன்னால் பார்த்து நடப்பாள்.